விட்டார்கள், ஒரு கடதாசியும் தரவில்லை

குற்றம் செய்து சிறைக்குப் போய் வந்தவரிடம் தீர்ப்பு இருக்கும். எந்தச் சட்டம், எத்தனை வருடம், எப்போது முடிந்தது என்று எல்லாம் முத்திரையோடு எழுதியிருக்கும். போர்க்காலத்தில் பிழையாகப் பிடிபட்டு, விசாரணையே இல்லாமல் வருடக்கணக்கில் உள்ளே கிடந்து, ஒரு நாள் "நீ போகலாம்" என்று விடப்பட்டவரிடம் ஒன்றும் இருக்காது. ஏன் பிடித்தார்கள் என்பதற்கும் கடதாசி இல்லை, ஏன் விட்டார்கள் என்பதற்கும் இல்லை. அதற்குப் பிறகு அவர் போய் நிற்கும் ஒவ்வொரு மேசையிலும் தான் யார் என்பதை முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் புதிதாக வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, அலுவலகங்களுக்குக் கூடப் போவது, லோயர் சொல்வதை விளங்கப்படுத்துவது என்று இந்த வேலையில் கனகாலம் இருக்கிறேன். ஆரம்பத்தில் இலங்கைத் தமிழர்களான எங்கள் ஆட்கள்தான் அதிகம். பிறகு ஆப்கானியர், சிரியர், எரித்திரியர் என்று வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் இந்த நண்பர். வடமேற்குச் சீனாவில் சின்ஜியாங் பகுதியில் வாழும் உய்குர் என்ற முஸ்லிம் இனத்தைச் சேர்ந்தவர். அவர் சம்மதித்த அளவுக்குத்தான் எழுதுகிறேன். எந்த முகாம், எத்தனை வருடம், எந்தெந்த நாடு வழியாகக் கனடாவுக்கு வந்தார் என்பது இதில் இராது. சில விவரங்களை அவர் கேட்டபடி மாற்றியும் இருக்கிறேன். ஊரில் அவருடைய சகோதரிகள் இருக்கிறார்கள்.

1997 பெப்ரவரியில் சின்ஜியாங்கின் குல்ஜா நகரத்தில் உய்குர் இளைஞர்கள் ஊர்வலம் போனபோது சீனப் படை சுட்டது. அதற்குப் பிறகு நடந்த கைதுகளுக்குப் பயந்து ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்களில் அவரும் ஒருவர். மத்திய ஆசியா வழியாகப் பாகிஸ்தானுக்கு வந்து, அங்கிருந்து துருக்கிக்குப் போய்த் தையல் வேலையில் சேர்ந்து வீட்டுக்குக் காசு அனுப்புவதுதான் எண்ணம். இடையில் 2001 வந்துவிட்டது. ஆப்கானிஸ்தானில் போர் தொடங்கி, அமெரிக்க விமானங்கள் "ஆளைக் காட்டித் தந்தால் காசு" என்று துண்டுப்பிரசுரம் போட்ட காலம். அந்தப் பக்கத்து மொழி பேசத் தெரியாத, முகம் வேறாக இருந்த எவருக்கும் ஒரு விலை இருந்தது. அவரையும் யாரோ விற்றார்கள்.

அவருக்கு நடந்தது தனிக்கதை இல்லை. கியூபாவில் அமெரிக்கா நடத்தும் குவாண்டனாமோ தடுப்பு முகாமில் 22 உய்குர்கள் அடைபட்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களும் இப்படித்தான் பாகிஸ்தானில் பிடித்துக் கொடுக்கப்பட்டவர்கள். 2005 டிசம்பரில் அமெரிக்க நீதிபதி ஒருவர், இவர்களில் இரண்டு பேரின் கேஸில், அடைத்து வைத்திருப்பது சட்டத்துக்கு மாறானது என்று சொன்னார். அதே தீர்ப்பில், விடுதலை செய்ய வைக்கும் அதிகாரம் தன்னிடம் இல்லை என்றும் சொன்னார். சீனாவுக்கு அனுப்பினால் சித்திரவதைதான் என்று அமெரிக்காவுக்கே தெரியும். தன் நாட்டுக்குள் விடவும் அது தயாரில்லை. நாடு நாடாகக் கேட்டது. சீனாவைப் பகைக்க விருப்பமில்லாமல் பெரும்பாலான நாடுகள் கையை விரித்தன. 2006 மே மாதம் ஐந்து பேரை அல்பேனியா ஏற்றது. 2008 அக்டோபரில் இன்னொரு நீதிபதி மிச்சம் 17 பேரையும் அமெரிக்க மண்ணிலேயே விடுவிக்க உத்தரவிட்டார். மேல்நீதிமன்றம் அதை நிறுத்தியது. பிறகு 2009-இல் பெர்முடாவுக்கு நாலு பேர், பலாவு தீவுக்கு ஆறு பேர், 2010-இல் சுவிட்சர்லாந்துக்கு இரண்டு சகோதரர்கள், 2012-இல் எல் சல்வடோருக்கு இரண்டு பேர் என்று பிய்த்துப் பிய்த்து அனுப்பினார்கள். கடைசி மூன்று பேர் ஸ்லோவாக்கியாவுக்குப் போனது 2013 டிசம்பர் 31. உள்ளே போய்ப் பதினொரு வருடத்துக்கு மேல்.

வெளியே வந்தவர்களின் கையில் என்ன இருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அல்பேனியாவுக்குப் போனவர்களை அமெரிக்க இராணுவம் "இனிமேல் எதிரிப் போராளிகள் அல்லர்" என்றுதான் வகைப்படுத்தியிருந்தது. பிழையாகப் பிடித்துவிட்டோம் என்று எங்கேயும் எழுதவில்லை. பெர்முடாவுக்குப் போனவர்கள் கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தார்கள். கலியாணம் செய்தார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனால் 2018 வரை அவர்களுக்கு ஒரு கடவுச்சீட்டு இல்லை. அந்தச் சின்னத் தீவைவிட்டு வெளியே கால் வைக்க முடியாது. பலாவு கொடுத்தது தற்காலிக இடம் மட்டும். அந்த ஆறு பேரும் வேறு நாடு தேடிப் போய்விட்டார்கள். அல்பேனியாவில் ஒருவர் பீட்சா போடப் பழகிக்கொண்டார். பத்திரிகைகளுக்கு அது நல்ல படம். அவருக்கு அது சோறு.

என் நண்பரைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. குவாண்டனாமோ ஆட்களின் பெயரைத் தட்டினால் இன்றைக்கும் இணையத்தில் அந்தச் செம்மஞ்சள் உடுப்புப் படங்களும் கைதி இலக்கமும்தான் முதலில் வரும். வீடு வாடகைக்குக் கொடுப்பவர் தீர்ப்பை வாசிக்கப் போவதில்லை, தலைப்பைத்தான் வாசிப்பார். இன்னொரு பக்கம், பத்திரிகையில் வராததால் நண்பர் சொல்வதற்குச் சாட்சியும் இல்லை.

ஆகவே நாங்கள் தொடங்கியது கடதாசி தேடுவதில். சர்வதேச செஞ்சிலுவைக் குழு தடுப்பு முகாம்களில் கைதிகளைச் சந்தித்தால் பெயர் பதிந்து வைக்கும். பின்னாளில் அந்த ஆள் கேட்டால், இன்ன இடத்தில் இன்ன திகதியில் இவரைச் சந்தித்தோம் என்று ஓர் அத்தாட்சிக் கடிதம் தரும். இலங்கையின் பூசா தடுப்பு முகாமில் இருந்து வந்த எங்கள் பெடியளின் கேஸ்களில் இந்தக் கடிதத்தைப் பார்த்துப் பழக்கம் என்பதால் நண்பரிடம் கேட்டேன்: "வெள்ளைச் சட்டையில் சிவப்புச் சிலுவை போட்டவர்கள் யாராவது வந்து பெயர் எழுதினார்களா?" யோசித்துப் பார்த்து, ஆம், ஒருவர் வந்தார், வீட்டுக்கு ஒரு தாளில் கடிதம் எழுதச் சொன்னார், பயத்தில் எழுதவில்லை என்றார். அது போதும். விண்ணப்பம் போய், மாதங்கள் கழித்துக் கடிதம் வந்தது. ஏன் பிடித்தார்கள், குற்றவாளியா இல்லையா என்று அதில் ஒரு சொல்லும் இராது. ஆள் அங்கே இருந்தார் என்பது மட்டும்தான். ஆனால் அதுவரை தன் வாழ்க்கையில் அந்த வருடங்கள் இருந்ததற்கு அவரிடம் இருந்த ஒரே ஆதாரம் மணிக்கட்டுத் தழும்பு. கடிதத்தை எடுத்துக்கொண்டு லமினேற் பண்ணப் போகிறேன் என்று நின்றார். மறித்துவிட்டேன். மூலப் பிரதியை ஒருநாளும் லமினேற் பண்ணக்கூடாது, முத்திரையைக் கையால் தொட்டுப் பார்க்க விரும்பும் அதிகாரிகள் இருக்கிறார்கள். ஒரு பிளாஸ்டிக் உறையும் நாலைந்து உறுதிப்படுத்திய பிரதிகளும் போதும்.

அடுத்த சிக்கல் பெயர். உய்குர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தன் பெயர், அதற்குப் பின்னால் தகப்பன் பெயர். எங்கள் இனிஷியல் கதைதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. சீனக் கடவுச்சீட்டில் இந்தப் பெயர்களைச் சீன ஒலியில் எழுதுவார்கள். மெமெத் என்ற ஆள் மைமைதி ஆகிவிடுவார். அமெரிக்க முகாமில் பெயர் பதிந்தவன் காதில் விழுந்தபடி ஒன்று எழுதியிருப்பான். இடையில் தங்கிய நாட்டின் அட்டையில் இன்னொன்று. ஆக, கணினியைப் பொறுத்தவரை ஒரு ஆள் மூன்று ஆள். இதற்குச் சுருக்கமான வழி, எந்த நேர்காணலுக்கும் போவதற்கு முன்னமே, "இந்த மூன்று எழுத்துக்கூட்டலும் நான்தான், காரணம் இது" என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து, ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் முதல் பக்கமாக வைப்பது. அதிகாரி கேட்ட பிறகு விளக்கம் சொன்னால் சாட்டு மாதிரி இருக்கும். கேட்க முன் கொடுத்தால் ஒழுங்கு மாதிரி இருக்கும்.

திகதிகளும் அப்படித்தான். அகதி வழக்குகள் உடைவது பெரும்பாலும் பெரிய பொய்களில் இல்லை, சின்னத் திகதிகளில். முகாமில் கலண்டர் இல்லை. சில இடங்களில் இரவா பகலா என்றே தெரியாமல் வெளிச்சம் எரியும். "எந்த மாதம்?" என்று ஒவ்வொரு நாட்டு அதிகாரியும் கேட்க, அவர் மரியாதைக்காக ஒவ்வொரு மாதம் சொல்லியிருந்தார். தெரியாது என்று சொல்வது பிழை என்று நினைத்திருக்கிறார். நாங்கள் ரமழானைப் பிடித்துக்கொண்டோம். 2001-இல் நோன்பு நவம்பர் நடுவில் தொடங்கியது. அவர் பிடிபட்டது அதற்கு முன்னா, நோன்புக்குள்ளா, பெருநாளுக்குப் பிறகா? அவருக்கு அது துல்லியமாக ஞாபகம் இருந்தது, நோன்பு திறக்க யாரோ ஒரு பேரீச்சம்பழம் கொடுத்ததுவரை. இப்படி ஒவ்வொரு வருட நோன்பையும் ஊன்றுகோலாக வைத்து, குளிரா வெயிலா என்று கேட்டுக் கேட்டு, ஒரு நீளத் தாளில் கோடு போட்டு எழுதினோம். நிச்சயமானதை நிச்சயம் என்றும், கிட்டத்தட்ட என்பதைக் கிட்டத்தட்ட என்றும், தெரியாததைத் தெரியாது என்றும். அந்தத் தாள்தான் பிறகு எல்லா வாக்குமூலத்துக்கும் அடிப்படை.

இதில் யாருமே எதிர்பார்க்காத ஒரு சங்கதி: மணி. சீனா முழுவதும் சட்டப்படி பெய்ஜிங் நேரம். ஆனால் சின்ஜியாங்கில் உய்குர்கள் தங்களுக்குள் அதைவிட இரண்டு மணி பிந்திய ஊர் நேரத்தில்தான் வாழ்கிறார்கள். பழைய வாக்குமூலம் ஒன்றில் போலீஸ் வீட்டுக்கு வந்தது ஆறு மணி, இன்னொன்றில் எட்டு மணி. இரண்டும் ஒரே விடியற்காலை. விளங்காத அதிகாரிக்கு அது முரண்பாடு. லோயர் வாக்குமூலத்தின் முதல் பந்தியிலேயே "இதில் வரும் நேரம் எல்லாம் ஊர் நேரம்" என்று எழுதிவிட்டார்.

படிவத்தில் ஒரு கேள்வி வரும்: நீங்கள் எப்போதாவது தடுத்து வைக்கப்பட்டிருக்கிறீர்களா, சிறையில் இருந்திருக்கிறீர்களா? ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி. எல்லாப் பெட்டியையும் கடகடவென்று நிரப்பிக்கொண்டு வந்தவர் இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டார். அவர் சமையலறையில் தமிழர்களோடு வேலை செய்பவர், நாலைந்து தமிழ்ச் சொல் வரும். என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்.

"தம்பி, இதில் ஆம் போட்டால் நான் கள்ளன் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. நான் ஒன்றும் செய்யவில்லை. இல்லை என்றுதான் போடுவேன்."

அவருடைய நியாயம் எனக்கு விளங்கியது. ஆனால் படிவம் கேட்பது குற்றம் செய்தீர்களா என்று இல்லை. அதற்கு வேறு கேள்வி இருக்கிறது, அங்கே "இல்லை" போடலாம். இந்தக் கேள்விக்கு "ஆம்" தான். போட்டுவிட்டு, தனித் தாளில் எங்கே, எவ்வளவு காலம், குற்றச்சாட்டு எதுவும் இல்லை, விசாரணை எதுவும் இல்லை, விடுவிக்கப்பட்டேன் என்று நாலு வரி எழுத வேண்டும். அமெரிக்கர்கள் அந்த முகாம்களில் எல்லோருடைய கைரேகையும் எடுத்தவர்கள். கனடா விண்ணப்பதாரர்களின் கைரேகையை அமெரிக்காவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. நீங்கள் சொல்லாவிட்டாலும் விரல் சொல்லும். மறைத்தது பின்னால் தெரிய வந்தால், கொடுத்த அகதி அந்தஸ்தையே திரும்பப் பறிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அன்றைக்கு அவர் போடவில்லை. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், மனைவியோடு கதைத்து, அடுத்த கிழமை "ஆம்" போட்டுக் கொண்டுவந்தார். அந்தப் பெட்டியில் மட்டும் பேனை தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தியிருந்தது.

மொழிபெயர்ப்பாளர் விசயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சீன மொழி தெரியும்தானே என்று மன்டரின் மொழிபெயர்ப்பாளரைப் போடும் அலுவலகங்கள் உண்டு. போலீஸ் அடித்து விசாரித்த மொழியிலேயே ஒரு மனிதனைத் திரும்ப விசாரிப்பது அது. உஸ்பெக் கிட்டத்தட்ட விளங்கும், துருக்கி மொழி பாதி விளங்கும். ஆனால் கேஸுக்கு "பாதி" உதவாது. உய்குர் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். கிடைத்த பிறகும் ஒன்று இருக்கிறது: சின்னச் சமூகம், யார் யாருக்குத் தகவல் கொடுக்கிறார்கள் என்ற பயம் எல்லோருக்கும். எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த ஆளோடு கதைக்க மனம் ஒப்பவில்லை என்றால் வேறு ஆளை, வேறு நகரத்தில் இருந்து தொலைபேசி வழியாகக் கேட்கலாம். கேட்பதால் கேஸ் பலவீனமாகாது.

வைத்தியம் பற்றி நான் கொஞ்சம்தான் சொல்லலாம், நான் வைத்தியன் இல்லை. சித்திரவதை அடையாளங்களை முறையாகப் பதிவு செய்ய "இஸ்தான்புல் நெறிமுறை" என்று ஐ.நா. வெளியிட்ட வழிகாட்டி இருக்கிறது. அது தெரிந்த வைத்தியரின் அறிக்கைக்கும் சாதாரணக் குடும்ப வைத்தியரின் இரண்டு வரிக்கும், அகதிக் கோரிக்கையைத் தீர்மானிக்கும் அகதிகள் சபையில் நிறைய வித்தியாசம். ரொறன்ரோவில் சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கென்றே 1977-இல் தொடங்கிய மையம் ஒன்று இருக்கிறது, அங்கே இந்த வழி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கூடப் போகிறவர்களுக்கு ஒன்று: பல் வைத்தியரிடம் போவதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, முகத்துக்கு நேரே லைற் அடித்து, வாய்க்குள் கருவியை விட்டு, "அசையாதீர்கள்" என்பார்கள். நண்பருக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கியும் போக மாட்டேன் என்று நின்றார். கடைசியில் முன்கூட்டியே கதைத்து, கதிரையைப் பாதியளவு நிமிர்த்தி வைத்து, கதவைத் திறந்து விட்டு, கை தூக்கினால் உடனே நிறுத்துவது என்று பேசி வைத்துத்தான் பல்லைப் பிடுங்கினார்கள். இரண்டு தடவை கை தூக்கினார், இரண்டு தடவையும் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு கண், இரத்தப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் தானாகப் போகிறார்.

வேலைக்குச் சேரும்போது அந்த வெற்று வருடங்களுக்கு என்ன சொல்வது? குடிவரவுப் படிவத்தில் ஒரு மாதத்தைக்கூட விடாமல் எல்லாம் சொல்ல வேண்டும். குசினி முதலாளிக்கு அந்தக் கடமை இல்லை. "அகதியாக நாடு நாடாக இருந்தேன்" என்பது உண்மை, அது போதும். போலீஸ் அத்தாட்சி கேட்டால் பயப்படத் தேவையில்லை, குற்றப் பதிவு என்று ஒன்று இருந்தால்தானே வரும். நண்பர் முதலில் கோப்பை கழுவினார். ஒருநாள் சமையல்காரர் வராதபோது மாவைப் பிசைந்து, எண்ணெய் தடவி மூடி வைத்து, பிறகு இரண்டு கையாலும் இழுத்து மடித்து இழுத்து லக்மன் நூடில்ஸ் செய்து காட்டினார். முதலாளி மலையாளி, நல்ல ஆள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் அது பட்டியலில் இருக்கிறது. இதை ஒரு வெற்றிக்கதையாக நான் சொல்லவில்லை. அந்த வயதில், அந்த முதுகோடு, பத்து மணித்தியாலம் நிற்பது லேசான வேலை இல்லை. ஆனால் இரவு வேலையை அவரே கேட்டு வாங்கினார். எப்படியும் நித்திரை வராது, சும்மா கிடப்பதைவிட இது பரவாயில்லை என்றார்.

ஊரோடு கதைப்பதுதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. 2017-இல் இருந்து சின்ஜியாங்கில் நடந்தது தெரிந்ததுதான். பத்து லட்சம் பேர், அதற்கும் மேல், முகாம்களில் அடைபட்டிருப்பதாக 2018-இல் ஐ.நா. குழுவிலேயே பேசப்பட்டது. 2022 ஆகஸ்ட் 31 அன்று வந்த ஐ.நா. மனித உரிமை அலுவலக அறிக்கை, அங்கே நடப்பவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கலாம் என்றது. வெளிநாட்டில் இருந்து அழைப்பு வந்தாலே ஊரில் இருப்பவருக்கு வில்லங்கம். நண்பரின் சகோதரி ஒருநாள் "இனி எடுக்காதே, நாங்கள் சுகம்" என்று சொல்லிவிட்டு வைத்தார். அதற்குப் பிறகு வேறொரு இலக்கத்தில் இருந்து உறவினர் ஒருவர். சுகம் விசாரித்து, எங்கே வேலை, எந்தப் பள்ளிவாசல், அட்டையின் படத்தை அனுப்பு, அனுப்பினால் அக்காவோடு கதைக்கலாம் என்றார். அந்தக் குரலுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஊகிப்பது கஷ்டம் இல்லை. அனுப்ப வேண்டாம் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அவர் அனுப்பவில்லை. அது எங்களுக்கு ஒரு வார்த்தை, அவருக்கு அக்காவின் குரல். இப்படிக் கேட்டு வரும் அழைப்புகளின் திகதியையும் இலக்கத்தையும் எழுதி வையுங்கள், குறுஞ்செய்தி என்றால் படம் எடுத்து வையுங்கள். திரும்ப அனுப்பினால் என்ன ஆபத்து என்பதற்கு வழக்கில் அதுவும் சான்று.

அப்புறம் 34ஆம் பிரிவு. கனடாத் தமிழருக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் காரணத்துக்காக ஒருவரை ஏற்க மறுக்கும் பிரிவு. தண்டனை பெற்றிருக்கத் தேவையில்லை. பயங்கரவாத அமைப்பு ஒன்றில் உறுப்பினர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலே போதும். 2010 ஆகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பலில் 492 இலங்கைத் தமிழர் வந்து இறங்கியபோது எத்தனை பேரை இந்தப் பிரிவு துரத்தியது என்று பார்த்தவர்கள் நாங்கள். குவாண்டனாமோவில் இருந்து விடுபட்ட சில உய்குர்களின் மனைவி பிள்ளைகள் கனடாவில் இருக்க, கணவர்மார் பெர்முடாவிலும் அல்பேனியாவிலும் வருடக்கணக்காகப் பிரிந்து கிடந்ததற்கும் இதே பாதுகாப்புச் சந்தேகம்தான் காரணம். அமெரிக்கா அவர்களைக் கிழக்குத் துர்கெஸ்தான் இஸ்லாமிய இயக்கம் என்ற உய்குர் ஆயுத அமைப்போடு முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சை அமெரிக்கா விட்டாலும் அடுத்த நாட்டின் கோப்பில் அது இருக்கும்.

நண்பருக்கும் இந்தப் பயம் இருந்தது. லோயர் இரண்டு ஆவணங்களைக் கேஸோடு சேர்த்தார். ஒன்று, 2008-இல் வொஷிங்டன் மேல்நீதிமன்றம் ஓர் உய்குர் கைதிக்குச் சாதகமாகக் கொடுத்த தீர்ப்பு. அரசு காட்டிய உளவுத் தகவல்களுக்கு மூலமே காட்டப்படவில்லை, ஒன்றை மூன்று தரம் சொல்வதால் அது உண்மையாகிவிடாது என்று நீதிபதிகள் அதில் கிண்டலாகவே எழுதியிருக்கிறார்கள். மற்றது, அந்த இயக்கத்தின் பெயரை 2020-இல் அமெரிக்கா தன் பயங்கரவாதப் பட்டியல் ஒன்றில் இருந்து எடுத்ததற்கான அரச அறிவித்தல். இரண்டும் பகிரங்க ஆவணங்கள், காசு கொடுக்காமல் எவரும் எடுக்கலாம். நண்பரைப் பற்றி அவற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் அவரைப் போன்றவர்கள்மேல் சந்தேகம் எப்படி உண்டாக்கப்பட்டது என்பது இருக்கிறது. அகதிகள் சபை அவரை ஏற்றது. பாதுகாப்புச் சோதனை மட்டும் மற்றவர்களுக்கு முடிந்து கனகாலத்துக்குப் பிறகுதான் முடிந்தது. அந்தக் காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தோம், பதில் வராவிட்டாலும். பிந்தியது எங்களால் இல்லை என்பதற்கு அந்தக் கடிதங்களின் பிரதிகள் தேவைப்படும்.

நட்டஈடு பற்றி ஆட்கள் என்னிடம் கேட்பதுண்டு. குவாண்டனாமோவில் இருந்த உமர் காதருக்கு 2017-இல் கனடா மன்னிப்பும் கேட்டுக் கோடிக்கணக்கில் கொடுத்ததே என்று. கொடுத்தது கனடா, தன் குடிமகனுக்கு, தன் அதிகாரிகள் செய்த பிழைக்கு. அந்த 22 உய்குர்களுக்கு அமெரிக்கா நட்டஈடாக ஒரு சதமும் கொடுக்கவில்லை. இந்த விசயத்தில் ஆசை காட்டிக் காசு வாங்கும் ஆட்கள் யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்.

இப்போது எங்களுக்குள் ஓடும் விவாதம் பயணம் பற்றியது. கையில் அகதிப் பயணப் பத்திரம் இருக்கிறது. குடியுரிமைக்கும் போட்டாயிற்று. குடியுரிமை கிடைத்தால் ஹஜ்ஜுக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. ஒன்ராரியோவில் வாழ்ந்த உய்குரான ஹுசைன் செலில் கனடாக் குடியுரிமையோடு உஸ்பெகிஸ்தானுக்குப் போய், 2006-இல் அங்கே கைதாகி, சீனாவுக்கு ஒப்படைக்கப்பட்டார். சீனா அவரின் கனடாக் குடியுரிமையை ஏற்கவே இல்லை. தாய்லாந்து 2015-இல் நூற்றுக்கு மேற்பட்ட உய்குர்களையும் 2025 பெப்ரவரியில் இன்னும் 40 பேரையும் சீனாவுக்கு அனுப்பியது. சவூதியிலும் உய்குர்கள் பிடிபட்ட சம்பவங்கள் இருக்கின்றன. ஆகவே விமானம் எங்கே இறங்கி ஏறுகிறது என்பதுகூட முக்கியம், நேரடிப் பயணமாக இருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கட்சி. லோயரும் அதையே சொல்கிறார். மனைவி ஒருபடி மேலே போய், கடவுச்சீட்டு வந்தால் தான் வாங்கி ஒளித்து வைப்பேன் என்கிறார். அவரோ போன கிழமையும் ஜெரார்ட் வீதியில் ஒரு பயண முகவரிடம் போய் விலை கேட்டுவிட்டு வந்திருக்கிறார். "விலை கேட்டால் என்ன தம்பி, விலை கேட்பதற்கு விசா தேவையா?"